குளச்சல் தூண் முதல் வட்டக்கோட்டை வரை

கருவாடும் ஈரக் கயிறும் சேர்ந்து அடிக்கிற வாசம் எங்கேயாவது மூக்கில் பட்டால், இந்த வயதிலும் என் கழுத்து தானாகக் குனிந்துகொள்கிறது. இலங்கையில் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் சித்தப்பா, ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன கறுப்புக் காமிராவைக் கண்ணில் வைத்துப் பார்க்கக் கூடாது. வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து, தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிச் சதுரத்துக்குள் பார்க்க வேண்டும். கருவாட்டு வாசம் சுழன்றடித்த ஒரு காலைநேரத்தில் அந்தச் சதுரத்துக்குள் குளச்சல் கடற்கரையும், ஒரு கல்தூணும், தூணுக்கு இரு பக்கமும் இடவலம் மாறி, கட்டைவிரல் உயரத்தில் என் அப்பாவும் அம்மையும் நின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் அதைக் காமிரா என்று யாரும் சொல்லவில்லை, 'படப்பெட்டி' என்றுதான் சொன்னார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் நான் எடுத்த படங்களில் உருப்படியாக வந்தவை மூன்றுதான். ஒன்று குளச்சல் வெற்றித்தூண். இன்னொன்று உதயகிரிக் கோட்டைக்குள், கூரை போன பழைய தேவாலயத்தில் இருக்கும் டச்சுத் தளபதியின் கல்லறை. மூன்றாவது வட்டக்கோட்டையின் மதில்மேல் எடுத்தது. மற்றவற்றில் ஒன்றில் முழுக்க வானம், ஒன்றில் என் பெருவிரல், ஒன்றில் வண்டிக்காளையின் முகம் மட்டும். இந்த மூன்றையும் பார்க்கிறவர்கள், 'பரவாயில்லையே, அந்தக் காலத்திலேயே வாத்தியாரும் டீச்சரும் ஜோடியாக ஊர் சுற்றியிருக்கிறார்களே' என்று சிரிப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், புருசனும் பெண்டாட்டியும் பழைய கோட்டைகளைப் பார்ப்பதற்கென்றே வண்டி கட்டிப் போவது சிரிப்பதற்குரிய காரியமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் போனது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமல்ல.

அதற்கு முந்தைய வருடம் மழைக்காலத்தில், அறுப்பின் பண்டிகை அன்று, காணிக்கைக்காக ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தூக்கிக்கொண்டு சர்ச் படியேறிய அம்மை, பாசி வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலோடு தூக்கி, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்து, கொட்டுகிற மழையில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலில் மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். எலும்பு கூடியது. வீட்டுக்கு அனுப்பும்போது, "எங்க வேலை முடிஞ்சுது டீச்சர், இனி நடக்க வேண்டியது நீங்கதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். கக்கத்தில் வைத்து ஊன்றும் இரண்டு கட்டைகளையும் கொடுத்தார்கள்.

ஆனால் வீட்டில் அம்மையால் நடக்க முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட நடக்க விடவில்லை என்று சொல்லலாம். அப்பாவின் அக்கா, விதவையான ரோசம்மா மாமி, எங்களைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்தாள். நல்ல மனசுக்காரி. அம்மை கட்டையை எடுத்து இரண்டு எட்டு வைத்தால் போதும், மாமி அடுக்களையிலிருந்து அகப்பையோடு ஓடிவருவாள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு தலை எட்டிப் பார்க்கும். "பாவம், எப்படி நடந்த பிள்ளை" என்று யாராவது சொல்வது காதில் விழும். அம்மை மெதுவாகத் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்துகொள்வாள். சர்ச் படிகளில் ஒரே மூச்சில் ஏறுகிறவள், பெண்பிள்ளைகள் பள்ளியில் நாள் முழுக்க நின்றபடியே பாடம் நடத்துகிறவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் செய்தி வந்தது. அம்மைக்குப் பதிலாக வேறொரு பெண் அதுவரை பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் டீச்சர் தானாக நடந்து வந்து வகுப்பில் நிற்க முடியுமானால் இடம் டீச்சருக்கு, இல்லையென்றால் வந்த பெண்ணையே நிரந்தரமாக வைத்துக்கொள்வோம் என்று கமிட்டியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்பா அதை வீட்டில் வந்து சொன்னபோது மாமிதான் முதலில் வாய் திறந்தாள்.

"போட்டும்லே தம்பி. அவ கட்டில்ல இருந்து நாலு வாயி தின்னுட்டுக் கிடக்கட்டும். நான் இருக்கேம்லா? ஊருக்கு முன்னால தடி ஊனி இழுத்துட்டுப் போனா யாருக்கு மானக்கேடு?"

அம்மை எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் மாமியின் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள் அவள்.

அப்பா ஆண்பிள்ளைகள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவர். பேச்சு குறைவு. இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு மாலைநேரம் அம்மையின் கட்டிலருகே உட்கார்ந்து, அவர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் சொல்லும் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மகாராஜாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதியின் கதை அது. பிடிபட்டவன் அதே மகாராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து, படைக்குத் தலைமை ஏற்று, உதயகிரியில் பீரங்கி வார்த்து, வட்டக்கோட்டைக்குக் கல்மதில் எழுப்பி, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, என்று பேர் வாங்கி இந்த மண்ணிலேயே அடங்கினான்.

"அந்த ஆளு நடந்த இடத்தையெல்லாம் பாத்துட்டு வருவோமா தங்கம்? தோத்த இடத்துல இருந்து தொடங்குவோம். கொளச்சல்ல உன்னை யாருக்கும் தெரியாது. நீ விழுந்தா கடலுதான் பாக்கும்."

அம்மை சுவரிலிருந்து திரும்பினாள்.

"கப்பித்தானுக்குக் காலு ரெண்டும் நல்லா இருந்துதுல்லா?" என்று கேட்டாள். மாதக்கணக்கில் அவள் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அது. அப்பாவின் முகம் அப்படியே விரிந்ததை நான் பார்த்தேன்.

வண்டி மீரான் மாமாவுடையது. திருவிதாங்கோட்டுக்காரர், வில்வண்டி வைத்திருந்தார். அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வைக்கோலை நிறையப் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, அம்மையின் கால் ஆடாமல் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, காளைகளிடம் "பைய போணும் மக்கா, உள்ள டீச்சரு இருக்காவ" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். குளச்சல் மணலில் வண்டி ஓரளவுக்கு மேல் போகாது. இறங்கிய அம்மை கட்டைகளை ஊன்றியதும் இரண்டும் ஒரு முழம் மணலுக்குள் இறங்கிவிட்டன. இதை யாரும் யோசிக்கவில்லை. தூணோ கூப்பிடு தூரத்தில் நின்றது. அம்மையின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

வலையின் பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர் எழுந்து வந்தார்கள். ஒருத்தி, மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "காலு முறிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இரக்கமே இல்லை. விலை கேட்பதுபோலக் கேட்டாள். "எனக்க மாப்பிளைக்கும் முறிஞ்சுது. இப்பம் கட்டுமரத்துல ஏறிக் கடலுக்குப் போறாரு" என்று கடலைக் காட்டினாள். பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, கருவாடு காயப்போடும் ஓலைப்பாய்களை உதறி, ஒன்றின் முனையில் இன்னொன்றாக மணலில் விரித்துக்கொண்டே போனாள். அம்மை அந்தப் பாய்கள்மேல் கட்டையை ஊன்றி ஊன்றித் தூண் வரைக்கும் போனாள். ஊரில் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த தலைகளெல்லாம் அந்த இடத்தில் இல்லாமல் போயின.

அப்பா படப்பெட்டியை மீரான் மாமாவிடம் கொடுத்தார். அவர் குனிந்து பார்த்தவுடன், "ஏ அல்லா, வாத்தியாரு இந்தப் பக்கம் நிக்காரு, பெட்டிக்குள்ள அந்தப் பக்கம் நிக்காரே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை, பெட்டி அவர் வயிற்றோடு சேர்ந்து குலுங்கியது. அதனால் பெட்டி என் கைக்கு வந்தது. அம்மை ஒரு நிபந்தனை போட்டாள். கட்டைகள் படத்தில் தெரியக் கூடாது. அவற்றைத் தூணுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, ஒரு கையால் தூணைப் பற்றிக்கொண்டு நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையைத் தட்டினேன். படத்தில் அம்மை முழுசாக வந்திருந்தாள். அப்பாவுக்குத் தலை இல்லை. தூண் உச்சியில் இருந்த சங்கும் இல்லை. ஆனால் தூணைப் பிடித்திருக்கும் அம்மையின் விரல்கள், பிடியின் இறுக்கத்தில் வெளுத்துப்போயிருப்பது இன்றும் அந்தப் படத்தில் தெரியும்.

அதன்பிறகு விடியற்காலையில், ஊர் எழும்புவதற்கு முன்னால், அம்மை தென்னந்தோப்பு வரப்பில் நடக்க ஆரம்பித்தாள். முதலில் இரண்டு கட்டைகளோடும், பிறகு ஒன்றோடும். மாமி வாசலில் நின்று முணுமுணுப்பாள். அம்மை காதில் வாங்கவில்லை.

உதயகிரிக்குப் போனபோது ஒரு கட்டைதான் எடுத்துக்கொண்டாள். கோட்டை மதிலுக்குள் காடாக மரங்கள். கால் வைக்கிற இடமெல்லாம் காய்ந்த தேக்கிலை. அந்தப் பழைய தேவாலயத்தின் சுவர்கள் மட்டும் நின்றன. கூரை இருந்த இடத்தில் ஆகாயம். உள்ளே கப்பித்தானின் கல்லறை, பக்கத்தில் அவர் மனைவியினுடையது, மகனுடையது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டியிருந்தன. அவற்றைப் படிக்க வேண்டும் என்று அம்மை ஆசையாக ஒரு எட்டு வேகமாக வைத்தாள். சருகு வழுக்கியது. கட்டை ஒரு பக்கம் பறந்தது, அம்மை ஒரு பக்கம் விழுந்தாள்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. அப்பா பாய்ந்து ஓடினார். மீரான் மாமா வண்டியை விட்டுவிட்டு ஓடிவந்தார். அம்மை ஒரு கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

"தொடாதீங்க. யாரும் தொடாதீங்க. நானே எழும்புதேன்."

முதலில் உட்கார்ந்தாள். காலைத் தடவிப் பார்த்தாள், மடக்கினாள், நீட்டினாள். பிறகு நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போய், நூறு வருடத்துக்கு மேல் பழசான அந்தச் சுவரின் கற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அப்பாவின் கைகள் அந்த நேரம் முழுக்கக் காற்றில் நீட்டியபடியே இருந்தன. நின்றதும் அம்மை சிரித்தாள். "அட, விழுந்தா முறியாதா! நான் இம்புட்டு நாளும் விழுந்துருவேன்னுல்லா பயந்தேன். விழுந்தாச்சு, எழும்பியாச்சு. இனி என்ன? மக்ளே, எடு படத்தை."

அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. காமிராவைப் பார்த்தால் நீதிபதியைப் பார்த்ததுபோல நிற்பார்கள். என் அம்மை மட்டும் தலையிலும் சேலையிலும் சருகு ஒட்டியிருக்க, வியர்வை வழிய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அப்பா பேயறைந்ததுபோல நிற்கிறார்.

அப்பாவுக்குத் துணிச்சல் அத்தோடு போய்விட்டது. விழுந்த கதையைக் கேட்ட மாமி, "போதும்லே, இனி இந்த வீட்டுக்கு வண்டி வராண்டாம்" என்று தீர்த்துச் சொன்னாள்; அப்பாவும் தலையாட்டினார். பள்ளி திறப்பதற்கு அதிக நாளில்லை. அம்மைதான் மீரான் மாமாவுக்கு என்னிடம் சொல்லியனுப்பினாள். வண்டி வாசலில் வந்து நின்றபோது அப்பா திகைத்துப்போனார். அம்மை வெள்ளைச் சேலை உடுத்தி, பள்ளிக்குப் போகும்போது போடும் கைநீண்ட ரவிக்கையும் போட்டுத் தயாராக நின்றாள். "கப்பித்தானைப் பாதி வழியில விட்டுட்டு வரலாமா? நீங்க வரல்லன்னா நானும் பிள்ளையும் போறோம்" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்.

வட்டக்கோட்டை தூரம். போகிற வழியில் வடசேரியில் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் தங்கி, காளைகளுக்கு ஓய்வு கொடுத்து, மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கோட்டைக்குள் நுழைந்தால் மதிலின் உச்சிக்கு ஒரு சாய்தளம் ஏறுகிறது. பீரங்கிகளை இழுத்து ஏற்றுவதற்காகக் கருங்கல் பாவியது. படி கிடையாது, பிடிமானம் கிடையாது. அம்மை அதை அடியிலிருந்து நுனிவரை ஒருதடவை பார்த்தாள். பிறகு ஊன்றுகட்டையை மீரான் மாமாவிடம் கொடுத்தாள்.

"டீச்சரே…" என்று அவர் இழுத்தார்.

"வண்டியில போடுங்கோ. மாட்டை அடிக்கதுக்கு ஆவும்" என்றாள் அம்மை.

அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நான் பெட்டியோடு முன்னால் ஏறிப்போய் மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கடல்காற்று கோட்டைக்குள் புகுந்து அம்மையின் முந்தானையைப் பாய்மரம்போலப் பிடித்து இழுத்தது. நடுவழியில் நின்று மூச்சு வாங்கினாள். அப்பா, "போதும் தங்கம், இம்புட்டு போதும்" என்றார். அம்மை குனிந்து, காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் மேலிருந்தே கேட்டேன்.

"எனக்க பாட்டனுக்கும் பாட்டன் ஒருத்தரு இந்தக் கல்லைத் தலையில சுமந்து ஏறியிருப்பாரு. ஒரு சக்கரக் காசுகூடக் கூலி கிட்டியிருக்காது. நான் வெறுங்கையை வீசிட்டு ஏறுதேன். எனக்கு என்ன கேடு?"

சொல்லிவிட்டு அப்பாவின் கையை விட்டாள். கோபமாக அல்ல, மெதுவாக விரலை விடுவித்து, அவர் கையை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுபோல விட்டாள். பிறகு தனியாக ஏறினாள். ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காலை இழுத்து வைத்து, நின்று, மறுபடி வைத்து. அப்பா பின்னால் வந்தார், தொடவில்லை. கடைசி எட்டை எடுத்து மதில்மேல் வந்ததும், ஒரு பக்கம் நீலமாகக் கடலும் மறுபக்கம் பனைகளும் அவற்றுக்குப் பின்னால் மலைகளுமாக எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்டன. அம்மை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கீழே மீரான் மாமா ஊன்றுகட்டையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, "ஏறியாச்சு! டீச்சரு ஏறியாச்சு!" என்று யாருமில்லாத கோட்டையைப் பார்த்துக் கூவினார்.

ரோலில் ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. நான் குனிந்து சதுரத்துக்குள் பார்த்தபோது அப்பா அம்மையின் தோளைத் தாங்கப் போனார். "விலகி நில்லுங்க. இன்னுங் கொஞ்சம். என்னை யாரோ பிடிச்சு நிறுத்தியிருக்குன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது" என்றாள் அம்மை. அப்பா விலகினார். இன்னும் விலகினார். அவரும் சிரித்துக்கொண்டே விலகினார். இந்தத் தடவை இரண்டு தலையும், இரண்டு ஜோடிக் காலும், கடலும் சதுரத்துக்குள் இருப்பதை உறுதி செய்துகொண்டு நான் விசையைத் தட்டினேன்.

நாகர்கோவில் ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தபோது மாமிதான் முதலில் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "என்னலே இது, ரெண்டும் சண்டை பிடிச்சதுமாதிரி இம்புட்டு அகலத்துல நிக்கிய?" என்றாள். அப்பா காரணத்தைச் சொன்னார். மாமி படத்தை மறுபடியும் பார்த்தாள். அம்மையின் கையில் ஒன்றுமில்லை, பக்கத்தில் ஒன்றுமில்லை, இரண்டு கால்கள் கல்மேல் இருந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துச் சர்ச்சுக்குக் கொண்டுபோய், ஆராதனை முடிந்ததும் பெண்களுக்கெல்லாம் காட்டினாள். "எனக்க தம்பி பெஞ்சாதியாக்கும். கோட்டைக்க மேல. தடி கிடி ஒண்ணும் கிடையாது, நல்லா பாரு" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டினாள்.

அதற்குள் பள்ளியும் திறந்துவிட்டிருந்தது. திறந்த அன்று, மழை பிடித்துக்கொண்ட காலைநேரத்தில், ஒரு கையில் குடையும் மறுகையில் என் கையுமாக அம்மை வீட்டிலிருந்து இறங்கினாள். என் கையைப் பிடித்தது நான் வழுக்கிவிடாமல் இருப்பதற்காக. பள்ளிவாசலில் காத்துநின்ற கமிட்டியார் ஒருவர் குடையைச் சாய்த்து வழிவிட்டார். அம்மை வகுப்புக்குள் போய், கரும்பலகையின் முன்னால் நின்று, சேலையை உதறிக்கொண்டு, "எழும்பி நில்லுங்க பிள்ளைகளே, ஜெபம் பண்ணுவோம்" என்றாள். அதன்பின் தலைநரைக்கும்வரை அந்த வகுப்பில் நின்றாள். பதிலுக்கு வந்திருந்த பெண்ணுக்கும் அதே பள்ளியில் கீழ்வகுப்பில் இடம் கிடைத்தது. அவள் கடைசிவரைக்கும் அம்மையின் சிநேகிதியாக இருந்தாள்.

இப்போது குளச்சல் தூணைச் சுற்றி வேலியும் கட்டடங்களும் வந்துவிட்டன. பாய் விரிக்க மணல் இல்லை. உதயகிரியில் பாதை போட்டுச் சருகைக் கூட்டிவிடுகிறார்கள். வில்வண்டி எங்கள் பக்கத்தில் கண்ணில் படுவதில்லை. திருவிதாங்கூர் என்ற ராஜ்யமே இல்லை. அம்மை நின்று பாடம் நடத்திய ஓட்டுக்கட்டடத்தை இடித்துவிட்டு மாடிவைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் தேடுவது இவற்றையெல்லாம் அல்ல.

அம்மையின் நடையில் ஒரு சாய்வு கடைசிவரைக்கும் இருந்தது. இடதுகாலை ஒரு இழு இழுத்து வைப்பாள். அவளிடம் படித்த சின்னப் பிள்ளைகள், டீச்சர் என்றால் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் தோப்பில் 'பள்ளிக்கூட விளையாட்டு' விளையாடும்போது, பிள்ளைகளாக இருப்பவர்கள் ஓடுவார்கள், குதிப்பார்கள்; டீச்சராக இருக்கிறவள் மட்டும் கையில் ஒரு ஈர்க்குச்சியோடு, தலையை நிமிர்த்தி, இடதுகாலை இழுத்து இழுத்து நடந்து வருவாள். சரியாக இழுக்கத் தெரியாதவளை டீச்சராக்க மாட்டார்கள். "ஏட்டி, உனக்கு நடக்கவே தெரியல்லியே, நீ எப்படி டீச்சராவே?" என்று தள்ளிவிடுவார்கள். அம்மை போய்ச் சேர்ந்து வெகுகாலத்துக்குப் பிறகும், அவளைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூட எங்கள் ஊரில் அப்படித்தான் டீச்சராக நடந்தார்கள். இன்றைக்கு அந்தத் தோப்பும் இல்லை, அந்த விளையாட்டும் இல்லை. ஆனால் ஒரு ஊரின் பெண்பிள்ளைகள் எல்லோரும் கெட்டிக்காரத்தனத்துக்கு அடையாளமாக நொண்டி நடந்து பழகிய ஒரு காலம் இருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.